மூச்சின் விலை – 12: எஞ்சினில் ஒரு துளை

அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரின் காயலான் கடைக்கு ஒரு மஞ்சள் பேருந்து வந்து சேர்கிறது. அண்மைக்காலம் வரை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் போன வண்டி. சாவியைத் திருகினால் இப்போதும் ஓடும். அதன் எஞ்சின் பிளாக்கில் 3 அங்குல அகலத்துக்குத் துளை போடுகிறார்கள். காபி டம்ளரின் வாய் அளவு. பிறகு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே சேஸிஸின் இரண்டு சட்டங்களையும் அறுத்துப் போடுகிறார்கள். துளையையும் அறுத்த இடத்தையும் போட்டோ எடுத்து அரசுக்கு அனுப்ப வேண்டும். அது போய்ச் சேர்ந்தால்தான் புதுப் பேருந்துக்கு வாங்கிய மானியத்தின் கணக்கு முடியும்.

ஓடுகிற வண்டியை உடைப்பதா என்று மனம் பதறும். எனக்கும் பதறியது. ஆனால் அந்த மானியத் திட்டத்தின் உயிரே இந்தத் துளையில்தான் இருக்கிறது என்பது போகப் போகப் புரிந்தது.

சென்ற வாரம் டீசல் புகைக்குள் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்தோம். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் வகைப்படுத்தியதையும் சொன்னேன். புகை வண்டிக்குப் பின்னால்தானே போகிறது, உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு என்ன வந்தது என்று சில வாசகர்கள் கேட்கலாம். பழைய டீசல் பேருந்து தன் புகையைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். பின்னால் குழாய் வழியே வெளியேறுவது ஒரு பங்கு. முன்னால் எஞ்சினின் அடிப்பாகத்திலிருந்து கசியும் ஆவி இன்னொரு பங்கு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவு திறக்கும்போது இரண்டும் உள்ளே நுழைகின்றன. 2001இல் கலிபோர்னியாவில் சில பள்ளிப் பேருந்துகளுக்குள் அளந்து பார்த்தார்கள். முன்னால் போகும் காரில் இருப்பவர் சுவாசிப்பதைவிட 4 மடங்கு வரை டீசல் புகை பேருந்துக்குள் இருக்கக்கூடும் என்று தெரிந்தது. உடல் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிடக் குழந்தைகள் அதிகக் காற்றை இழுக்கிறார்கள். அவர்களுடைய நுரையீரலோ இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

இந்தப் புகையைக் குறைக்க அரசுப் பணமும் வந்தது. 2005ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டத்துக்குள் டீசல் புகையைக் குறைப்பதற்கென்று ஒரு பகுதி சேர்ந்தது. அதன் கீழ் 2012 முதல் பழைய பள்ளிப் பேருந்தை மாற்றுவோருக்குச் செலவில் ஒரு பங்கை அரசு திருப்பிக் கொடுத்தது. கேட்டவர்கள் ஏராளம், இருந்த பணமோ கொஞ்சம். ஆகவே யாருக்குக் கொடுப்பது என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்தார்கள்.

அந்தக் குலுக்கல் யாரும் எதிர்பார்க்காத ஒரு நன்மையைச் செய்தது. மருந்தைச் சோதிக்கும்போது நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிப்பார்கள் அல்லவா? இங்கே பள்ளி மாவட்டங்கள் தாமாகவே அப்படிப் பிரிந்துவிட்டன. 2012 முதல் 2017 வரை மானியம் கிடைத்த மாவட்டங்களையும் கிடைக்காத மாவட்டங்களையும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சாரா அடார் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். மிகப் பழைய வண்டிகளை மாற்றிய இடங்களிலும், அந்த வண்டிகளில் நிறையப் பிள்ளைகள் பயணம் செய்த இடங்களிலும் பள்ளி வருகை கூடுதலாக உயர்ந்திருந்தது. 2000ஆம் ஆண்டுக்கு முந்தைய பள்ளிப் பேருந்துகளை நாடு முழுக்க மாற்றினால் ஆண்டுக்கு 13 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர் வருகை நாட்கள் கூடும் என்று கணக்கிட்டு 2023இல் வெளியிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் விழும் ஒவ்வொரு விடுப்புக் குறிக்குப் பின்னாலும் இருமலோ இழுப்போ இருக்கலாம் என்று அந்த எண் எனக்குச் சொல்கிறது.

பெரும் பணம் வந்தது 2021 நவம்பரில். அப்போது கையெழுத்தான உள்கட்டமைப்புச் சட்டம் 5 ஆண்டுகளுக்கு 500 கோடி டாலரைப் பள்ளிப் பேருந்துகளுக்கு ஒதுக்கியது. அதில் பாதி, புகையே விடாத வண்டிகளுக்கு மட்டும். முதல் சுற்றில் 12,000க்கும் மேற்பட்ட பேருந்துகளுக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. 2022 அக்டோபரில் 389 பள்ளி மாவட்டங்களுக்கு 2,463 பேருந்துகள், சுமார் 91 கோடி டாலர் என்று அறிவித்தார்கள். அவற்றில் 95 சதவீதம் மின்சாரப் பேருந்துகள். வசதி குறைந்த, முன்னுரிமை பெற்ற மாவட்டங்களுக்குப் பெரிய மின்பேருந்து ஒன்றுக்கு 3,75,000 டாலர் வரை கிடைத்தது.

அந்தச் சுற்றின் நிபந்தனைகளில்தான் சூட்சுமம் இருக்கிறது. மாற்றப்படும் டீசல் வண்டி பொதுவாக 2010 அல்லது அதற்கு முந்தைய மாடலாக இருக்க வேண்டும். 2007இல் வந்த விதி, புது டீசல் எஞ்சின்கள் விடும் கரித்துகளை முன்பிருந்ததில் பத்தில் ஒரு பங்காக்கியது. 2010க்குள் நைட்ரஜன் ஆக்சைடு விதியும் முழுமையானது. அதற்கு முந்தைய வண்டிகள்தான் பெரும் புகைக்காரர்கள். அடுத்து, அந்த வண்டி முந்தைய கல்வியாண்டில் சராசரியாக வாரம் 3 நாளாவது பிள்ளைகளை ஏற்றியிருக்க வேண்டும். கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கும் வண்டியைக் காட்டிப் பணம் வாங்க வழியில்லை. மூன்றாவதுதான் அந்தத் துளை.

துளை போடாமல் விட்டால் என்ன ஆகும்? பதில் குவாத்தமாலாவில் இருக்கிறது. அமெரிக்காவில் வேலை முடிந்த பள்ளிப் பேருந்துகள் பல, ஏலத்தில் கைமாறி, மெக்சிகோவைத் தாண்டி அங்கே போய்ச் சேர்கின்றன. பளிச்சென்று வண்ணம் பூசி, கூரையில் சுமைக் கம்பி பொருத்தி, ‘காமியோனேத்தா’ என்ற பெயரில் மலைப்பாதைகளில் ஓடுகின்றன. ஓட்டுகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் பிழைப்பு வேண்டும், அந்த ஊர்களுக்கும் வண்டி வேண்டும். ஆனால் எஞ்சின் அதே எஞ்சின். ஒரு குழந்தையின் மூக்கிலிருந்து விலகிய புகை இன்னொரு குழந்தையின் மூக்குக்குப் போகிறது, அவ்வளவுதான். அந்தக் குழந்தை பெரும்பாலும் ஏழைக் குழந்தை.

ஆகவே பழையதை உடைக்காமல் கொடுக்கும் மானியம் புகைக்கு விலாசம் மாற்றிக் கொடுக்கிறது. கார் நிறுவனமான ஃபோக்ஸ்வாகன் தன் டீசல் புகை மோசடிக்காக 2016இல் ஒப்புக்கொண்ட தீர்வில் உருவான, 290 கோடி டாலரை ஒட்டிய அறக்கட்டளைப் பணத்திலும் பல மாநிலங்கள் பள்ளிப் பேருந்து வாங்கின. அங்கேயும் பழைய எஞ்சினில் அதே 3 அங்குலத் துளை கட்டாயம்.

சிக்கல்கள் இல்லாமல் இல்லை. மின்பேருந்தின் விலை டீசல் வண்டியைப் போல இரண்டு மூன்று மடங்கு. வண்டி வந்துவிடும், சார்ஜ் ஏற்றும் அளவுக்கு மின் இணைப்பு வராது. பேருந்து விற்ற கனடிய நிறுவனமான லயன் எலெக்ட்ரிக் 2024 டிசம்பரில் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டது. அதனிடம் வண்டி வாங்கியவர்களுக்குப் பழுதுபார்ப்பு பெரிய கவலையாயிற்று. இவற்றைத் தீர்த்தாக வேண்டும். தீர்க்கக்கூடியவைதான்.

எந்த அரசும் இப்படி ஒரு மானியத்தை அறிவிக்கும்போது, எத்தனை புது வண்டி என்று கேட்டுக் கைதட்டுகிறோம். எத்தனை பழைய வண்டி நின்றது, நின்றதற்குப் போட்டோ எங்கே என்று கேட்கப் பழகுவோம்.

அடுத்த வாரம்: பள்ளி வாசலில் எஞ்சினை அணைக்காமல் நிற்கும் வண்டிகள்.