26 அடி நிலம்

இடம் யாருடையது? – 9

ஒரு மடக்கு மேசை, இரண்டு நாற்காலி, மேசைமேல் ஒரு கட்டுத் துண்டறிக்கை, பக்கத்தில் ஒரு உண்டியல். 1964-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் செய்துகொண்டிருந்த அரசியலுக்கு வேண்டிய தளவாடம் இவ்வளவுதான். அதை விரித்து உட்கார அவர்களுக்கு வாய்த்திருந்தது, தெற்கு வாசலில் பான்கிராஃப்ட் வே சாலையில் டெலிகிராஃப் அவென்யூ வந்து முட்டுகிற இடத்தில், செங்கல் பாவிய 26 அடி நடைபாதை. (பெர்க்லி என்றால் நம்மில் பலருக்கு தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட்டும் அங்குள்ள தமிழ் இருக்கையும்தான் நினைவுக்கு வரும். இந்தக் கதை அதற்கெல்லாம் முந்தியது.)

சென்ற வாரம் பார்த்த லண்டன் ஹைட் பார்க்கில் பேசுவதற்கான மூலையைச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். பெர்க்லியில் அப்படி யாரும் எதையும் கொடுக்கவில்லை. வளாகத்துக்குள் அரசியல் பேசக்கூடாது என்பது பழைய விதி. 1956-இல் ஜனாதிபதி வேட்பாளர் அட்லாய் ஸ்டீவன்சனே வளாகத்துக்கு வெளியே தெருவில் நின்றுதான் மாணவர்களிடம் பேசினார். அந்தக் காலத்தில் வளாகம் சேதர் கேட் என்ற வளைவோடு முடிந்துவிடும். அதைத் தாண்டினால் நகராட்சித் தெரு, என்ன வேண்டுமானாலும் பேசலாம். பிறகு பல்கலைக்கழகம் தெற்குப் பக்கத்து மனைகளையும் வாங்கி, மாணவர் சங்கக் கட்டடமும் ஸ்ப்ரௌல் முற்றமும் கட்டியது. எல்லை ஒரு தெரு நகர்ந்தது. எல்லையோடு மேசைகளும் நகர்ந்து பான்கிராஃப்ட் ஓரத்துக்கு வந்து சேர்ந்தன.

அங்கே வாசலில் தூண்கள் நின்றன. தூணுக்கு உள்ளே இருப்பது பல்கலைக்கழகம், வெளியே இருப்பது நகராட்சி என்று எல்லோரும் நினைத்தார்கள். மேசை போட மாணவர்கள் அனுமதி வாங்கியதே நகரப் போலீஸிடம்தான். அந்த 26 அடியை நகராட்சிக்கே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று 1959-இல் ரீஜெண்டுகள் என்கிற ஆட்சிக்குழு முடிவும் செய்திருந்தது. முடிவு செய்தார்களே தவிரப் பத்திரம் பதியவில்லை. ஐந்து வருஷம் யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை.

1964-இல் கவனித்தார்கள். அதற்குக் காரணம் உண்டு. அந்த மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஷெரட்டன் பேலஸ் ஹோட்டல் கறுப்பர்களுக்கு வேலை தரவில்லை என்று நடந்த பெரிய மறியலில் பெர்க்லி மாணவர்கள் ஏராளமாகக் கைதானார்கள். கோடையில் சிலர் கறுப்பர்களை வாக்காளர்களாகப் பதிவு செய்ய மிசிசிப்பிக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் மேரியோ சேவியோ, தத்துவம் படித்த 21 வயது மாணவர், திக்குவாய்க்காரர். அடுத்து, வில்லியம் நோலண்ட் நடத்திய ஓக்லண்ட் டிரிப்யூன் பத்திரிகைக்கு எதிராகவும் மறியல். நோலண்ட் குடியரசுக் கட்சியின் முன்னாள் செனட்டர். அவர் பக்கமிருந்து வந்த நெருக்கடிதான் நடைபாதையில் கை வைக்கச் செய்தது என்று மாணவர்கள் உறுதியாக நம்பினார்கள். நம்பினார்கள் என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் இந்த மறியல்களுக்கெல்லாம் ஆள் சேர்ந்ததும் காசு சேர்ந்ததும் அந்த மேசைகளில்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

செப்டம்பர் 14-ஆம் தேதி மாணவர் டீன் கேதரின் டௌல் எல்லா அமைப்புகளுக்கும் கடிதம் அனுப்பினார். 21-ஆம் தேதி முதல் அங்கே மேசை, உண்டியல், பிரசாரம் எதுவும் கூடாது. சொன்ன காரணம், நடப்பவர்களுக்கு இடைஞ்சல். சரி, இடைஞ்சல் இல்லாதபடி நாங்களே ஒழுங்கு செய்கிறோம் என்றார்கள் மாணவர்கள். உடனே காரணம் மாறியது. தகவல் தரலாம், ஆனால் ஒன்றைச் செய்யச் சொல்லித் தூண்டக்கூடாது, காசு வசூலிக்கக்கூடாது, ஆள் சேர்க்கக்கூடாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண், ‘சனிக்கிழமை ஹோட்டல் வாசலில் மறியல் நடக்கிறது’ என்று சொன்னால் அது தகவல். ‘சனிக்கிழமை வாங்களேன்’ என்றால் குற்றம். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு வினைச்சொல். இனி கண்காணிக்க வேண்டியது நடைபாதையை அல்ல, வாக்கியங்களை என்றாகிவிட்டது. நிலத்தகராறாகத் தொடங்கியது இலக்கணத் தகராறானது அங்கேதான். நிர்வாகம் ‘இடைஞ்சல்’ என்ற முதல் காரணத்திலேயே நின்றிருந்தால் ஒருவேளை ஜெயித்திருக்கும் என்றுகூட எனக்குத் தோன்றும். ஏனென்றால் இரண்டாவது காரணம் சொன்னதும் இடதுசாரிகளோடு குடியரசுக் கட்சி மாணவர்களும், அக்கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் கோல்டுவாட்டருக்கு ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர்களும் ஒரே அணியில் வந்து சேர்ந்துவிட்டார்கள். அவர்களுக்கும் மேசை வேண்டுமே.

அக்டோபர் 1, வியாழக்கிழமை. மேசைகள் இப்போது வாசலை விட்டுவிட்டு நேராக முற்றத்துக்குள், நிர்வாகக் கட்டடமான ஸ்ப்ரௌல் ஹாலின் எதிரிலேயே வந்துவிட்டன. ‘கோர்’ என்ற இனச் சமத்துவ அமைப்பின் மேசையில் ஜாக் வைன்பர்க் உட்கார்ந்திருந்தார். கணிதத்தில் மேற்படிப்பை விட்டுவிட்டவர். அதனால் விதிப்படி வெளியாள். பகல் பன்னிரண்டு மணி நெருங்கும் நேரம். போலீஸ் பெயரைக் கேட்டது. அவர் சொல்லவில்லை. கைது செய்தார்கள். உடம்பைத் தளர்த்திப் போட்டுவிட்ட அவரைத் தூக்கிக் கொண்டுபோய்க் காரில் ஏற்றினார்கள்.

அந்தக் காரை முற்றத்தின் நடுவிலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள், அதுவும் வகுப்பு விட்டுக் கூட்டம் வெளியே வருகிற நேரத்தில். யாரோ ‘உட்காருங்கள்’ என்று கத்த, முன்னால் சிலர், பின்னால் சிலர், பிறகு நூற்றுக்கணக்கில் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். கார் நகரவில்லை. 32 மணி நேரம் நகரவில்லை. வைன்பர்க் உள்ளேயே இருந்தார். சாப்பாடு ஜன்னல் வழியே போயிற்று.

கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகியது. கடைசியில் இருப்பவர்களுக்கும் கேட்க வேண்டும், மேடையோ இல்லை. சேவியோ கார் மேல் ஏறினார். ஏறுமுன் செருப்பைக் கழற்றிக் கீழே வைத்தார், காருக்குச் சேதம் வரக்கூடாது என்று. சாதாரணமாக நாலு வார்த்தைக்கு ஒருமுறை திக்குகிறவருக்கு அந்த உயரத்தில் திக்கவில்லை. அவருக்குப் பின் வந்தவர்களும் காலுறையோடு ஏறிப் பேசினார்கள். எதிர்த்துப் பேச வந்தவர்களுக்கும் கூரையில் இடம் கிடைத்தது. இத்தனை பேர் ஏறியும் கூரை தாங்குமா? நசுங்கியது. பிறகு மாணவர்களே உண்டியல் குலுக்கி, 400 டாலருக்கு மேல் திரட்டி, அந்தச் சேதத்துக்குப் பணம் கட்டினார்கள். உண்டியல் குலுக்கக்கூடாது என்பதில் தொடங்கிய சண்டை என்பதை மறந்துவிட வேண்டாம்.

மறுநாள் மாலை நூற்றுக்கணக்கான போலீஸார் வந்து அணிவகுத்து நிற்க, பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கெர்ரோடு ஓர் உடன்பாடு ஏற்பட்டது. சேவியோ கார் மேல் நின்று அதைப் படித்துக் காட்டினார். எல்லோரும் அமைதியாக எழுந்து வீட்டுக்குப் போனார்கள். அந்த வாரக் கடைசியில் பேச்சுரிமை இயக்கம் என்ற பெயர் பிறந்தது.

கெர்ரை வில்லனாக்குவது சுலபம். எனக்கு மனமில்லை. 1949-இல் பேராசிரியர்களிடம் விசுவாசப் பிரமாணம் கேட்டு, மறு வருஷம் 31 பேரை வேலையிலிருந்து நீக்கிய காலத்தில், நீக்கப்பட்டவர்கள் பக்கம் நின்றவர் அவர். தொழிலாளர் தகராறுகளைப் பேசித் தீர்ப்பதில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஆனால் 1963-இல் ஹார்வர்டில் பேசியபோது பல்கலைக்கழகத்தை அறிவுத் தொழிலின் மையம் என்று வர்ணித்தார். மாணவர்கள் அந்த உவமையைப் பிடித்துக்கொண்டார்கள். அது தொழிற்சாலை என்றால் நாங்கள் யார், மூலப்பொருளா? அக்டோபர் உடன்பாடு நிலைக்காமல் போய், டிசம்பர் 2-ஆம் தேதி ஸ்ப்ரௌல் படிக்கட்டில் பல்கலைக்கழகத்தை இயந்திரமாக்கிச் சேவியோ நிகழ்த்திய உரை இந்தக் கேள்வியிலிருந்து கிளம்பியதுதான்.

அதன்பின் எல்லாம் வேகம். உரை முடிந்ததும், ஜோன் பயஸ் பாட, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். கவர்னர் பேட் பிரவுன் உத்தரவிட, விடிவதற்குள் கைது தொடங்கியது. சுமார் 800 பேர். டிசம்பர் 8-ஆம் தேதி பேராசிரியர் பேரவை கூடி 824-க்கு 115 என்ற வாக்கில் மாணவர் பக்கம் நின்றது. என்ன பேசுகிறாய் என்பதில் பல்கலைக்கழகம் தலையிடாது. எப்போது, எங்கே, எப்படி என்பதை மட்டும் ஒழுங்குபடுத்தலாம்.

அந்தக் கடைசி மூன்று சொற்களில்தான் இன்றுவரை எல்லாம் நடக்கிறது. வெற்றி பெரிது. ஆனால் அது கையில் கிடைத்தபோது ஒரு கால அட்டவணையாகத்தான் இருந்தது. மேசைக்குப் பதிவு வேண்டும். முற்றத்தில் ஒலிபெருக்கி பகல் 12 முதல் 1 வரை. சில மாதத்துக்கு முன்னால் கூடவே கூடாது என்றவர்கள் இப்போது மணி பார்த்து அனுமதித்தார்கள். இதைக் குறைத்துச் சொல்லவில்லை. நேரம் ஒழுங்கு செய்வது வேறு, வாயைக் கட்டுவது வேறு என்பது உண்மை. ஆனால் கூட்டமே இல்லாத நேரத்தையும் யாரும் போகாத மூலையையும் ஒதுக்கிக் கொடுத்தால், வாயைக் கட்டாமலே பேச்சை அடக்கிவிடலாம்.

விலை கொடுத்தவர்கள் கொடுத்தார்கள். சேவியோவுக்கு 120 நாள் சிறை. ‘பெர்க்லியின் குளறுபடியைச் சரிசெய்வேன்’ என்ற தோரணையில் ஓட்டுக் கேட்டு 1966-இல் கவர்னர் தேர்தலில் வென்றார் ரொனால்ட் ரீகன். அவர் பதவியேற்ற ஜனவரியிலேயே ரீஜெண்டுகள் கெர்ரை நீக்கினார்கள். மாணவர்களுக்குக் கடுமையானவர் என்று பேர் வாங்கியவர், அரசுக்கு மென்மையானவர் என்று வேலை இழந்தார். சேவியோ 1996-இல் இறந்தார். மறு வருஷமே அந்தப் படிக்கட்டுக்கு அவர் பெயர் வைத்துவிட்டார்கள். முற்றத்தில் ஒரு கருங்கல் வளையமும் உண்டு, மார்க் ப்ரெஸ்ட் வான் கெம்பன் என்ற சிற்பி செய்தது. நடுவில் 6 அங்குல வட்டத்தில் வெறும் மண். இந்த மண்ணும் இதற்கு மேலுள்ள காற்றும் எந்த நாட்டின் அதிகாரத்துக்கும் உட்பட்டவை அல்ல என்று சுற்றிப் பொறித்திருக்கிறது. ஒற்றைக் காலில் நின்றால் ஒருவர் நிற்கலாம்.

2017-இல் வலதுசாரிப் பேச்சாளர் பென் ஷபீரோ அங்கே வந்து பேசிய ஒரு மாலைக்குப் பாதுகாப்புச் செலவு மட்டும் சுமார் 6 லட்சம் டாலர் என்று பல்கலைக்கழகமே சொன்னது. 2024 ஏப்ரல் 22-ஆம் தேதி, காஸா போரை எதிர்த்து மாணவர்கள் கூடாரம் கொண்டுவந்து அடித்தது வேறெங்கும் இல்லை, அந்தப் படிக்கட்டின் எதிரில்தான். பகல் 12-க்கும் 1-க்கும் நடுவே முடிகிற விஷயமாக அது இல்லை. இரவில் தங்குவது பேச்சா, குடியேற்றமா என்ற பழைய வழக்கு திரும்ப வந்தது. மே 14-ஆம் தேதி, நிர்வாகத்தோடு பேசி முடித்தபின் மாணவர்களே கூடாரங்களைப் பிரித்தார்கள்.

அடுத்த வாரம், அந்த முற்றத்திலிருந்து தெற்கே சில தெரு தள்ளி, பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான ஒரு காலி மனையில் ஊர்க்காரர்கள் செடி நட்ட கதை.

(தொடரும்)