ஜீப் ஹெட்லைட்டுக்கு 100 வாட்ஸ் பல்பு போடலாமா? வாங்கும் முன் ஒரு சுவர் சோதனை

லாஸ்பேட்டையில் இருந்து ஈசிஆரில் ஏறி மரக்காணம் பக்கம் ராத்திரியில் பைக் ஓட்டுபவர்களுக்கு இது பழகிய தொல்லை. எதிரே உயரமான ஜீப் ஒன்று வரும். இரண்டு விநாடிக்கு ரோடே தெரியாது. 60 கி.மீ. வேகத்தில் அந்த இரண்டு விநாடியில் பைக் 33 மீட்டர் ஓடிவிடும். ஜீப்காரர் ஹை பீம் போட்டிருக்கிறார் என்று நினைப்போம். பல நேரம் அது லோ பீம்தான். விளக்கின் கோணம்தான் கெட்டுப்போயிருக்கும்.

பல்பு மாத்தினா போதுமா?

ஹாலஜன் ஹெட்லைட் உள்ள பல ஜீப்களில் இருப்பது ஹெச்4 பல்பு. லோ பீமுக்கு 55, ஹை பீமுக்கு 60 வாட்ஸ். 12 வோல்ட்டில் இரண்டு விளக்கும் ஹை பீமில் சேர்ந்து 10 ஆம்பியர் இழுக்கும். 100 வாட்ஸ் போட்டால் அது கிட்டத்தட்ட 17 ஆம்பியர். பழைய ஒயரும் சுவிட்சும் இதைத் தாங்காமல் சூடாகும், ஹோல்டர் உருகும்.

பழைய ஜீப்பில் வெளிச்சம் மங்கலாக இருந்தால், பல்பைக் குறை சொல்லும் முன் ஒயரிங்கைப் பாருங்கள். பல்புக்குப் போகும் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும். நல்ல எர்த், தரமான ரிலே ஒயரிங், மஞ்சள் படியாத கண்ணாடி. இவை இருந்தால் 60/55 பல்பே பளிச்சென எரியும்.

ஹாலஜன் கூட்டுக்குள் எல்இடி பல்பைச் சொருகுவதில் வேறு சிக்கல். ஹெச்4 பல்பில் லோ பீம் இழைக்குக் கீழே கிண்ணம் மாதிரி ஒரு சின்னத் தகடு இருக்கும். மேலே சிதறும் ஒளியைத் தடுப்பது அதுதான். எல்இடி சிப் அந்த இழை இருக்கும் இடத்திலேயே இல்லாவிட்டால், ரிஃப்ளெக்டர் ஒளியைக் கண்டபடி சிதறடிக்கும். அப்புறம் திருகை எவ்வளவு திருப்பினாலும் சரிவராது.

ஒரு இன்ச் என்ன செய்யும்?

லோ பீம் பொதுவாக 1 சதவீதம் கீழ்நோக்கி இருக்க வேண்டும். அதாவது 100 மீட்டரில் 1 மீட்டர் இறக்கம். மஹிந்திரா தார் 3 டோரின் வீல்பேஸ் 2,450 மி.மீ. முன்பக்கத்தை மட்டும் 2.5 செ.மீ., அதாவது ஒரு இன்ச், தூக்கினால் வண்டி 1 சதவீதம் மேல்நோக்கிச் சாயும். இருந்த இறக்கம் முழுக்கப் போச்சு! பின்னால் சாமான் ஏற்றி அதே அளவு அமுங்கினாலும் கதை இதுதான். லிஃப்ட் கிட், பெரிய டயர் மாட்டிய கையோடு ஹெட்லைட்டையும் செட் பண்ண வேண்டும் என்பது இதனால்தான்.

சுவரில் பார்ப்பது எப்படி?

* சமதளத் தரை, சரியான டயர் காற்று, டிரைவர் சீட்டில் ஒருவர். லெவலிங் குமிழ் இருந்தால் 0-வில் வையுங்கள்.
* வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்தி, இரு விளக்குகளின் மையத்தையும் சுவரில் டேப் ஒட்டிக் குறியுங்கள்.
* நேராக 7.5 மீட்டர் பின்னால் எடுங்கள். லோ பீம் போட்டு, ஒரு விளக்கைத் துணியால் மறைத்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.
* வெளிச்சத்தின் மேல் விளிம்பு குறியில் இருந்து 7.5 செ.மீ. கீழே விழ வேண்டும். இல்லையென்றால் திருகால் சரிசெய்யுங்கள்.
* விளிம்பு இடப்பக்கம் மேலே ஏற வேண்டும். வலப்பக்கம் ஏறினால், அது வலதுபுறம் வண்டி ஓட்டும் நாடுகளுக்கான விளக்கு. எதிரே வருபவர் கண்ணில்தான் அடிக்கும். ஆன்லைனில் விளக்குக் கூடு வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வண்டிக்கு 8 மீட்டர் முன்னால், 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணை விளக்கு கூசச் செய்யக் கூடாது என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 106. பைக் ஓட்டுபவரின் கண் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கும். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு. புதுச்சேரி, தமிழ்நாடு இரண்டுக்கும் இதே சட்டம்தான்.

சுவர் சோதனைக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர், டேப், அரை மணி நேரம் போதும். அதை முடித்த பிறகும் ரோடு தெரியவில்லை என்றால் மட்டும் பல்பு கடைக்குப் போகலாம்.