நிர்வாக அமைப்பை உருவாக்குவது எது? தேயிலைத் தொழில் தரும் விளக்கம்

தொழிற்சாலையில் ஆணை பிறப்பிப்பவர் யார், அது எத்தனை படிகளைக் கடந்து தொழிலாளரை அடைகிறது, தொழிலாளரின் கருத்து எவ்வழியே மேலே செல்கிறது என்பனவற்றின் தொகுப்பே நிர்வாக அமைப்பு எனப்படும். ஒரே பொருளை உற்பத்தி செய்யும் நிறுவனங்களும் நாட்டுக்கு நாடு வெவ்வேறு அமைப்பைக் கொண்டுள்ளன. இதன் காரணங்களை அறிவது, தொழில் வளர்ச்சிப் பணியில் ஈடுபட்டோருக்கு இன்றியமையாததாகும்.

ஆய்வாளர் கருத்து

ஜோன் உட்வர்டு என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1950-களில் இங்கிலாந்தின் தென் எஸ்ஸெக்ஸ் பகுதியில் 100 நிறுவனங்களை ஆராய்ந்தார். உற்பத்தி முறையே நிர்வாகத்தின் வடிவத்தைப் பெரிதும் நிர்ணயிக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. 1960-களில் பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஆஸ்டன் குழுவினர் நிறுவனத்தின் அளவை வலியுறுத்தினர். ஆட்கள் பெருகப் பெருக எழுத்து மூலமான விதிகளும் தனித்தனித் துறைகளும் பெருகும் என்றனர். இக்கருத்துகள் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதைக் கேரளத்தின் தமிழக எல்லையோரத்திலேயே ஆராயலாம்.

வாளையாறும் மூணாறும்

பாலக்காடு மாவட்டம் வாளையாறில் அமைந்த மலபார் சிமெண்ட்ஸ் 1978-இல் பதிவாகி, 1984-இல் வணிக உற்பத்தியைத் தொடங்கிய மாநில அரசு நிறுவனம். சிமெண்டுச் சூளையை நினைத்தபோது அணைத்து மூட்ட இயலாது. எனவே ஷிப்டு முறையும், சுரங்கம், சூளை, பராமரிப்பு எனும் தனிப் பிரிவுகளும் அவசியமாயின. இவை இயந்திரம் விதித்தவை. எனினும், இயக்குநர் குழு அமைவது அரசின் ஆணையால். அது உடைமை விதித்தது.

இடுக்கி மாவட்டம் மூணாறில் இவ்வேறுபாடு மேலும் தெளிவாகும். பறித்த கொழுந்தை அன்றே தொழிற்சாலையில் வாட்டத் தொடங்கவேண்டும். தாமதித்தால் தரம் கெடும். ஒரு கிலோ தேயிலைக்கு 4 முதல் 5 கிலோ வரை பச்சைக் கொழுந்து தேவை. ஆதலால் தொழிற்சாலை தோட்டத்தின் அருகே அமைவது கட்டாயமாகிறது. ஆனால் தோட்டமும் தொழிற்சாலையும் ஒருவருக்கே உரியனவாக இருக்கவேண்டும் என்று தேயிலை விதிப்பதில்லை.

அதை விதித்தது வரலாறு. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசகுடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைநிலத்தைப் பெற்றார். 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவாயிற்று. தமிழ் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் மூலம் தொழிலாளர் கொணரப்பட்டனர். மேலாளர், உதவி மேலாளர், கண்டக்டர், கங்காணி என்ற ஏணி நிலைபெற்றது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றை நிர்வாகத்தின் கடமையாக்கிற்று. இதனால் தோட்ட மேலாளர் உற்பத்திக்கு மட்டுமன்றி ஒரு குடியிருப்பு முழுமைக்கும் பொறுப்பானார்.

பிற நாடுகளில்

கென்யாவில் 1964-இல் அமைந்த தேயிலை வளர்ச்சி ஆணையம் வேறு வழி சென்றது. சிறு விவசாயிகள் தம் நிலத்தில் கொழுந்து பறித்துச் சேகரிப்பு மையத்தில் சேர்ப்பர். 2000-இல் ஆணையம் கம்பெனியாக மாற்றப்பட்டது. தொழிற்சாலைக் கம்பெனிகளில் விவசாயிகளே பங்குதாரர்கள். இலங்கையில் தோட்டங்கள் 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களால் அரசுடைமையாயின. 1992-இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் விடப்பட்டது. நீலகிரியில் சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளை இணைக்கும் இன்கோசர்வ் 1965 முதல் இயங்குகிறது. வாட்டுதலும் உலர்த்துதலும் எங்கும் உண்டு. நிலஉடைமையும் சட்டமும் வேறுபடுவதால் அமைப்பும் வேறுபடுகிறது.

உடைமை மாறியபோது

2005-இல் டாடா டீ நிறுவனம் மூணாறுத் தோட்ட நிர்வாகத்திலிருந்து விலகியது. கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனி உருவாகி, பங்குகளின் பெரும்பகுதி ஊழியர்களுக்கு வழங்கப்பட்டது. 12,000-க்கு மேற்பட்டோர் பணியாற்றிய இந்நிறுவனம் ஊழியர் உடைமைக்கு அரியதோர் எடுத்துக்காட்டாகப் பாராட்டப்பட்டது.

ஆயினும் 2015 செப்டம்பரில் நிர்வாகம் 10 சதவீத போனஸ் அறிவித்தபோது, பெண் தொழிலாளர் 20 சதவீதம் கோரி மூணாறுச் சாலைகளில் அமர்ந்தனர். தொழிற்சங்கத் தலைவர்களையும் அவர்கள் விலக்கி வைத்தனர். இப்போராட்டம் ‘பெம்பிளை ஒருமை’ என்று பெயர் பெற்றது. இறுதியில் 8.33 சதவீத போனஸும் 11.67 சதவீதக் கருணைத் தொகையுமாக 20 சதவீதம் வழங்க உடன்பாடு ஏற்பட்டது.

பங்குப் பத்திரம் கைமாறியது. கொழுந்து பறிப்பவருக்கும் மேலாளருக்கும் இடையிலான ஏணி பெரிதும் அப்படியே நின்றது. சங்கத்தின் உயர் பொறுப்புகளிலும் அப்பெண்களுக்கு உரிய இடம் இல்லை. பங்குதாரரின் குரல் இயக்குநர் குழுவை எட்டுமுன் சாலையை எட்டியது.

முடிவுரை

தொழில்நுட்பம் நிர்வாக அமைப்புக்கு எல்லை வகுக்கிறது. அவ்வெல்லைக்குள் வடிவம் தருவன உடைமை, சட்டம், வரலாறு ஆகியவையே. இவற்றுள் ஒன்றை மாற்றினால் மற்றவை தாமே மாறிவிடா. கூட்டுறவுகளையும் உற்பத்தியாளர் கம்பெனிகளையும் உருவாக்கும் அலுவலர்கள், பங்கு யாருக்கு என்பதோடு, அன்றாடக் குறையும் போனஸ் கணக்கும் எந்தக் குழுவில், யார் முன்னிலையில் பேசப்படும் என்பதையும் தொடக்கத்திலேயே விதிகளில் வரையறுப்பது நலம்.