துப்பாக்கிக்கு நோ என்ட்ரி... வளரிக்கு வெல்கம்!

வெடிமருந்தே இல்லாத ஓர் உலகத்தைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க பாஸ்! துப்பாக்கி கிடையாது. பீரங்கி கிடையாது. தீபாவளிக்கு ஊசிப் பட்டாசுகூட கிடையாது. ஆனா கோட்டை இருக்கு, கொள்ளைக்காரன் இருக்கான், மலைக்குப் பின்னாடி ஒரு டிராகன் குறட்டை விட்டுத் தூங்கிட்டு இருக்கு. இப்போ சொல்லுங்க... கையில என்ன எடுத்துக்கிட்டுக் கிளம்புவீங்க?

பூந்தமல்லி டிரங்க் ரோடு பக்கம் ஒரு மொட்டை மாடியில, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா இந்தக் கேள்விக்குத்தான் பஞ்சாயத்து நடக்கும். மூணு மெக்கானிக்கல், ஒரு இ.சி.இ., ஒரு பி.காம். ஆக மொத்தம் அஞ்சு பேர். நடுவுல ஒரு பாய், நாலு நோட்டு, இருபது பக்கம் உள்ள ஒரு பகடை. அதான் ரோல் பிளேயிங் கேம்!

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன இன்ட்ரோ. இதுல கம்ப்யூட்டர் கிடையாது, ஜாய்ஸ்டிக் கிடையாது. ஒருத்தர் கதை சொல்லி. மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரம். 'கதவை உடைக்கிறேன்'னு சொன்னா உடனே உடைஞ்சிடாது. பகடையை உருட்டணும். நம்பர் விழுந்தாத்தான் கதவு விழும். நம்ம ஊர் தாயக்கட்டைக்குக் கதை சொல்லத் தெரிஞ்சா எப்படி இருக்கும்? அப்படி!

இந்த வகை விளையாட்டுக்கெல்லாம் தாத்தா 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன்னு ரெண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி, 1974-ல வெளிவந்தது. அன்னைக்கு ஆரம்பிச்ச ஒரு சண்டை இன்னும் ஓயலை. கத்தியும் மந்திரமும் இருக்கிற உலகத்துல துப்பாக்கியை உள்ளே விடலாமா, கூடாதா?

துப்பாக்கி வந்தா என்ன பிரச்னை?

நியாயமான கேள்வி. பிரச்னை என்னன்னா, துப்பாக்கி வந்த இடத்துல மத்த எல்லாமே வேஸ்ட் ஆயிடும். பத்து வருஷம் வாள் வீசப் பழகின வீரனை, பத்து நாள் டிரெயினிங் எடுத்தவன் தூரத்துல நின்னே சாய்ச்சிடலாம். கவசம் வேஸ்ட், கோட்டைச் சுவர் வேஸ்ட், ஹீரோவோட ஃப்ளாஷ்பேக் மொத்தமும் வேஸ்ட். அப்புறம் கதை எங்கே நகரும்?

அதனால கைகாக்ஸ் தன்னோட 'கிரேஹாக்' உலகத்துல வெடிமருந்துக்குத் தடா போட்டார். ஆனா அவரோட நண்பர் டான் கேய்க்கு கௌபாய் படம்னா உயிர். தன் பாத்திரமான மர்லிண்ட் இடுப்புல ரெண்டு ரிவால்வர் தொங்கியே ஆகணும்னு அவருக்கு ஆசை. கைகாக்ஸ் என்ன செஞ்சார் தெரியுமா? 'அது துப்பாக்கி இல்லப்பா... பெரிய சத்தம் போட்டு, சின்னதா எதையோ கக்கற ரெண்டு மந்திரக்கோல்!'னு ரூல் எழுதிட்டார். நட்புக்கு மரியாதை!

'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' உலகத்துல சாதாரண வெடிமருந்து பத்தவே பத்தாது. 'ஸ்மோக் பவுடர்'னு தனிச் சரக்கு வேணும். கீத் பேக்கர் உருவாக்கி 2004-ல வந்த 'எபெரான்' உலகத்துல துப்பாக்கி வீரர்கள் இருக்கவேண்டிய இடத்துல மந்திரக்கோல் வீரர்கள் நிக்கிறாங்க. 'பாத்ஃபைண்டர்' இன்னும் குசும்பு. அல்கென்ஸ்டார்ங்கிற ஊர்ல மந்திரம் சரியா வேலை செய்யாது. அந்தக் கடுப்புல அவங்க துப்பாக்கி செய்யக் கத்துக்கிட்டாங்களாம்!

காத்தாலயே சுட்டாங்க!

நம்ம மொட்டை மாடிக் குழுவோட சட்டம் சிம்பிள். எந்த ஆயுதம் வேணும்னாலும் கொண்டு வரலாம். ஆனா அதுக்கு ஒரு 'விலை' இருக்கணும். சும்மா கிடைக்கிற சக்திக்கு இங்கே இடமில்லை.

இ.சி.இ. பார்ட்டி முதல்ல கொண்டு வந்தது ஏர் கன். திருவிழாவுல பலூன் சுடுற ஐட்டம்தானேன்னு சிரிச்சிடாதீங்க. 1780 வாக்குல ஆஸ்திரியா ராணுவமே ஒரு காற்றுத் துப்பாக்கியை வெச்சிருந்தது. பேரு ஜிரார்டோனி. துப்பாக்கியோட பின்கட்டையே காத்து அடைச்ச சிலிண்டர். ஒரு தடவை குண்டு நிரப்பினா இருபது ரவுண்டு கிட்ட சுடலாம். புகை இல்லை, நெருப்பு இல்லை. மத்தவங்க ஒவ்வொரு குண்டுக்கும் மருந்து போட்டு இடிச்சிட்டு இருந்த காலம் அது!

அப்புறம் ஏன் அது உலகத்தை ஆளலை? காலி சிலிண்டரை மறுபடி நிரப்பணும்னா கையால சுமார் 1,500 தடவை பம்ப் அடிக்கணும். சைக்கிளுக்குக் காத்தடிக்கவே நமக்கு மூச்சு வாங்குது. போதாததுக்கு வாஷர் லீக், ரிப்பேர் தொல்லை. 1815 வாக்குல ராணுவம் அதைக் கைவிட்டிடுச்சு. அமெரிக்காவைக் குறுக்கே கடந்த லூயிஸ் - கிளார்க் குழு மட்டும் 1803-ல கிளம்பும்போது ஒரு காற்றுத் துப்பாக்கியைக் கையோட கொண்டுபோச்சு. வழியில பழங்குடி மக்களுக்குச் சுட்டுக் காட்டி அசத்தறதுக்கு!

கேம்ல இது சூப்பர் ஆயுதம். இருபது குண்டு வரைக்கும் நீங்கதான் ராஜா. தீர்ந்ததும் நண்பர்கள் சண்டை போட்டுட்டு இருக்க, நீங்க மூலையில உட்கார்ந்து பம்ப் அடிக்கணும்.

இளங்கோவடிகளின் ஆயுதக் கிடங்கு

ஆட்டத்தைப் புரட்டிப் போட்டது நம்ம பி.காம். பார்ட்டிதான். 'வெள்ளைக்காரன் புக்கை விடுங்கடா'ன்னு எடுத்து வெச்சது... சிலப்பதிகாரம்!

ப்ளஸ் டூ-வுல மனப்பாடம் பண்ணி, எக்ஸாம் ஹால் வாசல்லயே மறந்துட்டு வந்தோமே, அதே சிலப்பதிகாரம்தான். அதுல மதுரைக் காண்டத்துல அடைக்கலக் காதைன்னு ஒரு பகுதி. இடைக்குல மாதரி, கண்ணகியைத் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. போற வழியில மதுரைக் கோட்டை மதில் வருது. அந்த மதில் மேல இருக்கிற பொறிகளுக்கு இளங்கோவடிகள் ஒரு லிஸ்ட்டே தர்றார். அடியார்க்கு நல்லார் ஒவ்வொண்ணா விளக்கமும் எழுதி வெச்சிருக்கார். சாம்பிளுக்குச் சில...

வளைவிற்பொறி: தானே வளைஞ்சு அம்பு விடுற இயந்திர வில். ஆளே வேண்டாம்!

கருவிரல் ஊகம்: கறுத்த விரல்களோட குரங்கு வடிவப் பொறி. கிட்டே போனா பிடிச்சுக் கடிச்சிடும்.

சிரல்: மீன்கொத்தி வடிவப் பொறி. குறி, எதிரியோட கண்.

கைப்பெயர் ஊசி: மதில் உச்சியைப் பிடிச்சு ஏறுறவன் கையைக் குத்துற ஊசி.

பன்றி: மதில் மேல ஏறி வந்துட்டவனைக் கொம்பால கிழிக்கிற பன்றிப் பொறி.

இதோட கல் எறியும் கவண், கொதிக்கிற நெய், பாகு காய்ச்சுற பானை, உருக்கின உலோகம்... ஒரு சிட்டிகை வெடிமருந்து கிடையாது மக்களே! சினிமாவுல கிராபிக்ஸ் பண்ணினா கோடிக்கணக்குல செலவாகும். நம்ம மொட்டை மாடியில ரெண்டு டீ, ஒரு பாக்கெட் முறுக்கு செலவுல எல்லாம் ஓடுது.

கவணுக்கு மட்டும் கொஞ்சம் பிஸிக்ஸ் பேசிக்கலாமா? தினைப்புனத்துல பரண் மேல நின்னு கிளி ஓட்டின அதே கவண்தான். கயிறு உங்க கையோட நீளத்தைக் கூட்டுது, அவ்ளோதான். அதே வேகத்துல சுத்தினாலும், ஆரம் ரெண்டு மடங்கானா கல்லோட வேகம் ரெண்டு மடங்கு, ஆற்றல் நாலு மடங்கு! ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ் பேப்பர்ல வந்ததை, பல நூறு வருஷம் முன்னாடியே கிளி மேல டெஸ்ட் பண்ணிட்டாங்க.

வளரி... வீசத் தெரிஞ்சவன் கையில!

இப்போ கிளைமாக்ஸ் ஆயுதம். வளரி! பிறை மாதிரி வளைஞ்சிருக்கும், ஒரு முனை கனமா இருக்கும். பூமராங்குக்குப் பங்காளி. சுழற்றி வீசினா, சுத்திக்கிட்டே போறதால பம்பரம் மாதிரி நிலை தடுமாறாமப் பறக்கும். முயல், மான் வேட்டைக்கும் இதுதான், போருக்கும் இதுதான்.

இதோட பவருக்குச் சாட்சி சொன்னது யார் தெரியுமா? எதிராளியே! ஜேம்ஸ் வெல்ஷ்ங்கிற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, 1830-ல வெளிவந்த தன் ராணுவ நினைவுகள்ல எழுதியிருக்கார். மதுரைப் பக்கம் இருந்தப்போ அவருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கத்துக்கொடுத்தது சின்ன மருது. கை தேர்ந்தவர் வீசினா நூறு கஜ தூரத்துக்குள்ள குறி தப்பாதுங்கிறார். நூறு கஜம்னா 91 மீட்டர். கிட்டத்தட்ட ஒரு ஃபுட்பால் கிரவுண்டோட இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு!

கதை அங்கே முடியலை. 1801-ல மருது சகோதரர்கள் கம்பெனியை எதிர்த்து எழுந்தாங்க. அவங்களை அடக்கப் போன படையில அதே வெல்ஷும் இருந்தார். 1801 அக்டோபர் 24-ம் தேதி, திருப்பத்தூர்ல மருது சகோதரர்களைத் தூக்குல போட்டாங்க. வளரி கத்துக்கொடுத்த குரு தூக்குல, கத்துக்கிட்ட சிஷ்யர் எதிர் முகாம்ல. எந்தக் கேம் மாஸ்டரும் இப்படி ஒரு ட்விஸ்ட் யோசிக்க மாட்டார்.

அதே டிசம்பர்ல கம்பெனி அரசு பிரகடனம் போட்டு, பாளையங்கள்ல ஆயுதம் வெச்சிருக்கிறதைத் தடை செஞ்சது. கோட்டைகளை இடிச்சாங்க. 1878-ல இந்தியா முழுக்க ஆயுதச் சட்டம் வந்தது. ஓர் ஆயுதத்தைப் பிடுங்கினா வெறும் மரக்கட்டைதானே போகும்னு தோணும். ஆனா அதை எப்படிப் பிடிக்கணும், மணிக்கட்டை எந்த நொடியில திருப்பணும், எவ்ளோ தூரத்துக்கு எவ்ளோ வேகம்னு அப்பன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கும் சேர்ந்து போயிடுச்சு. அதை எந்தப் புத்தகத்திலயும் எழுதி வெக்கலை. ஏன்னா அது இருந்தது கையில.

இன்னைக்குச் சில சிலம்ப ஆசான்கள் வளரி வீச்சை மறுபடி பழக ஆரம்பிச்சிருக்காங்க. அவங்களுக்கு ஒரு ராயல் சல்யூட்!

மொட்டை மாடித் தீர்ப்பு

பூந்தமல்லியிலிருந்து வடக்கே கொஞ்ச தூரத்துல ஆவடி. கனரக வாகனத் தொழிற்சாலையில டாங்கி செய்யற ஊர். அங்கே உருவான அர்ஜுன் டாங்கியோட பீரங்கிக் குழாய் 120 மி.மீ. விட்டம். எங்க காலேஜ் மெக்கானிக்கல் பசங்க பல பேருக்கு அங்கே வேலைக்குப் போறதுதான் கனவு. அந்த ஊருக்குப் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு, வெடிமருந்தே இல்லாம எப்படிப் பிழைக்கிறதுன்னு மண்டையை உடைக்கிறது கொஞ்சம் காமெடிதான். ஆனா இது டைம்பாஸ் மட்டும் இல்லைங்க. 'ஒரு சக்திக்கு விலை என்ன? அதை யார் கொடுக்கிறது?' இந்தக் கேள்வியைக் கேட்காம எந்த இன்ஜினீயரும் டிராயிங் போர்டுல கை வைக்கக் கூடாது. அதை இந்தப் பகடை சொல்லிக்கொடுக்குது.

நீங்களும் ஆட ரெடியா? மூணே ரூல். ஒண்ணு, ஆயுதம் எதுவானாலும் அதோட பலவீனத்தை முதல்ல எழுதுங்க. ரெண்டு, வளரிக்கும் கவணுக்கும் 'பயிற்சி'ன்னு தனி மார்க் வைங்க. கையில எடுத்தவனெல்லாம் வீரன் ஆயிட முடியாது. மூணு, ஆயுதத்தைக் கத்துக்கொடுத்த குருவுக்குக் கதையில ஒரு பேரும் ஊரும் கொடுங்க.

அதுக்கு முன்னாடி ஒரு நாள் பூந்தமல்லி நெடுஞ்சாலையில நேரா எழும்பூருக்கு பஸ் பிடிங்க. அங்கே அரசு அருங்காட்சியகத்தோட சேகரிப்புல தஞ்சாவூர் ஆயுதசாலையிலிருந்து வந்த தந்த வளரியே இருக்கு. வெள்ளிக்கிழமை மட்டும் லீவு, ஏமாந்துடாதீங்க.

கடைசியா ஒரு கேள்வி. வெடிமருந்து இல்லாத தமிழ்க் கதைகள்லயே ரொம்பப் பவர்ஃபுல் ஆயுதம் எது? மொட்டை மாடியில வாக்கெடுப்பு நடந்தது. வளரிக்கு ரெண்டு ஓட்டு, குரங்குப் பொறிக்கு ஒண்ணு. மிச்ச ரெண்டு ஓட்டும் எதுக்கு விழுந்தது தெரியுமா? மதில் மேல அத்தனை பொறி இருந்தும் மதுரை எரிஞ்சுது இல்லையா... அன்னைக்கு அரண்மனைக்குள்ள ஒரு பெண் கையில எடுத்துட்டுப் போனாங்களே, அந்த ஒத்தைச் சிலம்புக்கு!

மூணாவது ஓட்டு உங்களோடது. போட்டுட்டீங்கன்னா, பகடையை உருட்டுங்க!