சைரன் திரையில், கண்ணி போனில்

சமையல் குறிப்பு தேடப் போனவரின் விரல் ஒரு விளம்பரத்தில் பட்டுவிடுகிறது. திரை முழுக்க நீலம், காதைக் கிழிக்கும் சைரன், ‘கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள், இந்த எண்ணை அழையுங்கள்’ என்று ஓர் இயந்திரக் குரல். வைரஸ் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். என் கணக்கில் இது கணினிக் கோளாறே இல்லை, தொலைபேசி வியாபாரம்; கணினி அதற்குக் கிடைத்த விளம்பரப் பலகை. பிரவுசரில் திறக்கும் ஒரு பக்கத்தால் உங்கள் ஹார்ட் டிஸ்க்கைத் துழாவி வைரஸ் தேட முடியாது. ஊர்ப் பெயரையும் ஐபி முகவரியையும் காட்டி மிரட்டும். நீங்கள் போகும் எந்தத் தளத்துக்கும் கிடைக்கிற விவரங்கள்தான் அவை. மூடும் பொத்தான் காணாமல் போனது, பக்கம் முழுத்திரைக்கு விரிந்திருப்பதால். எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் சுருங்கிவிடும். அடங்காவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிடலாம். மறுபடி திறக்கையில் பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். ஜன்னலை மூடியதும் அடங்கிவிடுவதற்குப் பெயர் வைரஸ் இல்லை.

நாடகம் தொடங்குவது நாம் போன் செய்த பிறகு. மறுமுனையில் மிகவும் பணிவான குரல். கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருள் ஒன்றை இறக்கச் சொல்லும். பிறகு ஈவென்ட் வியூவரைத் திறந்து வரிசையாகச் சிவப்புக் குறிகளைக் காட்டும். அது விண்டோஸ் தனக்காக எழுதி வைக்கும் நாட்குறிப்பு; நல்ல நிலையில் ஓடும் கணினியிலும் இப்படிப் பிழைக்குறிப்புகள் குவிந்துதான் கிடக்கும். இன்னொரு வித்தை இதைவிட அழகு. ‘உங்கள் கணினியின் தனி எண்ணைச் சொல்கிறேன், சரிபாருங்கள்’ என்று 888டிசிஏ60 எனத் தொடங்கும் நீண்ட எண்ணை வாசிப்பார்கள். அப்படியே பொருந்தும். பொருந்தாமல் என்ன செய்யும், எல்லா விண்டோஸ் கணினியிலும் அதே எண்தான்!

இது திருட்டுக் கும்பலின் கைவரிசை மட்டும் என்றும் நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் பெரிய கடைத்தொடரான ஆபீஸ் டிப்போ, இலவசப் பரிசோதனை என்று ஒரு மென்பொருளை ஓட்டியது. கணினி மெதுவாக இருக்கிறதா என்பது போன்ற நான்கு கேள்விகளில் ஒன்றுக்கு ஆம் என்று டிக் செய்தாலே கிருமி அறிகுறி இருப்பதாக முடிவு வந்துவிடும் என்பது அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2019இல் அந்தக் கடை 2.5 கோடி டாலரும், மென்பொருள் தந்த நிறுவனம் 1 கோடி டாலரும் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டன. பயமுறுத்தி விற்பதற்குக் கோளாறு தேவைப்படவில்லை.

நிஜமாகவே விளம்பர மென்பொருள் புகுந்திருந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அது சத்தம் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்காது; முகப்புப் பக்கத்தை மாற்றும், தேடலைத் திருப்பிவிடும், ஓரத்தில் அறிவிப்புகளைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த அறிவிப்புகளுக்குப் பெரும்பாலும் நாமே ஒருநாள் ‘நான் ரோபோ அல்ல’ என்று நிரூபிக்கப்போய் ‘அலவ்’ அழுத்தியிருப்போம். பிரவுசர் செட்டிங்ஸில் அந்த அனுமதியை நீக்கி, தெரியாத எக்ஸ்டென்ஷன்களையும் சமீபத்தில் இலவசமாக இறக்கியவற்றோடு ஒட்டிக்கொண்டு வந்த மென்பொருள்களையும் அகற்றி, விண்டோஸோடு வரும் டிஃபெண்டரை ஒருமுறை ஓடவிட்டால் பெரும்பாலும் போதும். இதில் எந்தக் கட்டத்திலும் யாருக்கும் போன் செய்ய வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்டே தன் பிழைச்செய்திகளில் தொலைபேசி எண் இருக்காது என்று சொல்லிவருகிறது. ஆக, எண் இருந்தாலே பொய்.

ஏமாறுவது வயதானவர்கள்தானே என்பது இன்னொரு வாதம். எஃப்பிஐயிடம் 2023இல் பதிவான இவ்வகைப் புகார்களில் போன பணம் சுமார் 92 கோடி டாலர். பாதிக்கு மேல் அறுபது கடந்தவர்களுடையது. ஆனால் 2021இல் மைக்ரோசாஃப்ட் 16 நாடுகளில் எடுத்த கருத்தாய்வில் அதிகம் சிக்கியவர்கள் இளைஞர்கள். பெரியவர்களிடம் சேமிப்பு இருக்கிறது, அவ்வளவுதான்.

ஏற்கெனவே இந்த மோசடிக்காரர்களைக் கணினிக்குள் விட்டுவிட்டவர்கள் முதலில் இணையத்தைத் துண்டித்து, வங்கிக்குச் சொல்லி, இந்தியாவின் சைபர் குற்ற உதவி எண்ணான 1930இல் புகார் செய்ய வேண்டும். பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுவது நல்லது. சில மாதங்கள் கழித்து, ‘கம்பெனியை மூடுகிறோம், உங்கள் பணத்தைத் திருப்பித் தருகிறோம்’ என்று ஓர் அழைப்பு வரக்கூடும். வங்கிப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, திரையை இருட்டாக்கி, இருப்புத் தொகையில் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்துக் காட்டி, ‘ஐயோ, கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பித் தாருங்கள், என் வேலை போய்விடும்’ என்று அழுவார்கள். அந்தப் பூஜ்யம் திரையில் மட்டும்தான் இருக்கும்.