சட்டைப்பைக் கத்தியும் கையடக்கச் சாணையும்: வாங்குமுன், தீட்டுமுன், எடுத்துச் செல்லுமுன்

சமயநல்லூரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் கத்திக்கு வேலை உண்டு. சோழவந்தான் பக்கம் கொடிக்காலும் வாழையும் தென்னந்தோப்பும்; பரவையில் காய்கறிச் சந்தை; நான்குவழிச் சாலையோரம் இளநீர்க் கடைகள், தார்ப்பாய்க் கயிறு அறுக்கும் லாரிக்காரர்கள். இப்போது இன்னொரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது: ஞாயிற்றுக்கிழமை சிறுமலைக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியை எடுக்கும் இளைஞர்கள். பழம் நறுக்க, கயிறு அறுக்க என்று இவர்கள் பையில் ஒரு மடக்குக் கத்தி இருக்கும்.

தெருவுக்குத் தெரு குரல் கொடுத்து, சைக்கிளை நிறுத்தி, மிதித்துச் சாணை பிடித்துத் தந்தவர்கள் அருகிவிட்டார்கள். அந்த இடத்தில் உள்ளங்கையில் அடங்கும் கையடக்கச் சாணைகள் வந்துவிட்டன. கைப்பேசியில் ஒரு தட்டு தட்டினால் வீட்டு வாசலுக்கு வரும். ஆனால் தவறான சாணை கத்தியைத் தின்றுவிடும். தவறாகப் பிடித்தால் விரல் போகும். தவறான இடத்துக்குக் கத்தியைக் கொண்டுபோனால் வழக்கு வரும். இந்த மூன்றிலிருந்தும் தப்ப, ‘இது எந்த வேலைக்கு?’ என்ற கேள்விக்கு முதலில் நமக்கே பதில் தெரிந்திருக்க வேண்டும்.

எந்தச் சாணை, எந்தக் கத்திக்கு?

மழுங்கிய கத்திதான் அதிகம் ஆபத்தானது. கூர் இல்லாததால் அழுத்துகிறோம். அழுத்தம் கூடக்கூடக் கத்தி வழுக்குகிறது. வழுக்கினால் அது போய் நிற்கும் இடம் பெரும்பாலும் மறு கை. அதனால் சாணை என்பது பாதுகாப்புக் கருவி. சந்தையில் கிடைப்பவற்றை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, ‘வி’ வடிவப் பள்ளத்தில் கத்தியை இழுக்கும் வகை. மிகுதியாக விற்பது இதுதான். பள்ளத்தின் இரு பக்கமும் டங்ஸ்டன் கார்பைடு துண்டுகள் இருக்கும். இவை கத்தி எஃகைவிட மிகவும் கடினமானவை. கத்தியைத் தீட்டுவதைவிட, அதன் விளிம்பைச் சீவி எடுக்கின்றன என்பதே சரி. நான்கைந்து இழுப்பில் கூர் வந்துவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் உலோகம் கழிகிறது, விளிம்பும் சொரசொரப்பாகிறது. விலை குறைந்த சமையலறைக் கத்திக்கும் அவசரத்துக்கும் சரி. ஆசைப்பட்டு வாங்கிய நல்ல கத்தியை இதில் வாரந்தோறும் இழுத்தால் சில ஆண்டுகளில் அலகு பாதியாகும்.

இரண்டாவது, பீங்கான் கம்பிகள். உலோகத்தை மிகக் குறைவாகவே எடுக்கும். லேசாக மங்கிய கூரை மீட்க ஏற்றவை. முழுக்க மொண்ணையான கத்திக்கு இவை போதாது. கீழே விழுந்தால் உடையும்.

மூன்றாவது, வைரத் தகடு. எஃகுத் தகட்டின்மேல் செயற்கை வைரத் துகள்களை நிக்கல் பூச்சால் பிடித்து வைத்திருப்பார்கள். மெலிது, எடை குறைவு, உடையாது, தண்ணீர் இல்லாமலும் வேலை செய்யும், கல்லைப்போல நடுவில் குழி விழாது. வெளியில் அலைபவர்களுக்கு இதுவே முதல் தேர்வு. அழுத்தித் தேய்த்தால் துகள் உதிரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கத்தியின் எடையே போதுமான அழுத்தம்.

நான்காவது, தீட்டுக்கல். சிலிக்கான் கார்பைடு, அலுமினியம் ஆக்சைடு கற்கள் மலிவு, நீடித்தும் உழைக்கும். கனமும் ஈரமும்தான் பயணத்துக்குத் தொல்லை. தோப்பிலும் வீட்டிலும் வைத்துக்கொள்ள இதைவிடச் சிக்கனமானது இல்லை.

ஐந்தாவது, கறிக்கடையில் காணும் நீண்ட எஃகுக் கம்பி. பெரும்பாலும் இது புதுக் கூரை உண்டாக்காது. மடங்கிய விளிம்பை நிமிர்த்தும். மொண்ணைக் கத்தியை இதில் உரசிப் பயனில்லை.

பெட்டியில் 400, 600, 1000 என்று போட்டிருக்கும் எண்கள் துகளின் நுண்மையைக் குறிப்பவை. எண் கூடக்கூடத் துகள் பொடியாகும். 200 முதல் 400 வரை சிதைந்த விளிம்பைச் சீராக்க. 600 முதல் 1000 வரை வழக்கமான தீட்டலுக்கு. அதற்கு மேல் மெருகுக்கு. அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானிய அளவுமுறைகள் வேறுவேறானவை; எனவே இரு நிறுவனங்களின் ‘1000’ ஒன்றாகவே இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஒரு பக்கம் 400 அளவிலும் மறு பக்கம் 1000 அளவிலும் உள்ள இருமுகத் தகடு ஒன்று இருந்தால் மடக்குக் கத்திக்கு அதுவே போதும். பல் வைத்த கருக்கரிவாளையும் பல் உள்ள கத்தியையும் இவற்றில் தட்டையாகத் தேய்க்கக் கூடாது. கூம்பு வடிவக் கம்பியால் ஒவ்வொரு பல்லாகத்தான் தீட்ட வேண்டும்.

கையில் எதுவும் இல்லையா? பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு ஏறாத ஒரு வளையம் தெரியும். ஆபத்துக்கு அதுவே சாணை.

தீட்டும்போது

வெளிவேலைக்கான கத்திக்குப் பக்கத்துக்கு 20 டிகிரி கோணம் பொருந்தும். அளவுகோல் தேவையில்லை. கத்தியின் முதுகை, அதன் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தால் ஏறத்தாழ அந்தக் கோணம் வந்துவிடும். ஒரு பக்கம் தீட்டத் தீட்ட மறு பக்கத்தில் மெல்லிய பிசிறு எழும். அது விளிம்பு முழுக்க எழுந்த பிறகே கத்தியைத் திருப்புங்கள். கடைசியில் அழுத்தமே இல்லாமல் மாற்றி மாற்றி இழுத்தால் பிசிறு விழும். கூர் வந்ததா என்று கட்டைவிரலில் தடவிப் பார்ப்பதை விட்டுவிடுங்கள்; பழைய செய்தித்தாள் போதும்.

மடக்குக் கத்தியின் பூட்டு சரியாக விழுகிறதா என்று முதலில் பாருங்கள். தளர்ந்த பூட்டோடு தீட்டினால் அலகு விரல்மேல் மடங்கும். சாணையைத் தட்டையான இடத்தில் வையுங்கள். கையில் பிடித்துத் தீட்டும் வகை என்றால் விரலை மறைக்கும் தடுப்பு இருக்கிறதா என்று வாங்கும்போதே கவனியுங்கள். ஓடும் பேருந்திலும் இருட்டிலும் குழந்தைகள் நடுவிலும் தீட்ட வேண்டாம்.

மோட்டார் சாணையில் இன்னொரு கேடு உண்டு. தண்ணீர் தொடாமல் அழுத்திப் பிடித்தால் விளிம்பு சூடேறி நீலம் பாரிக்கும். நீலம் தெரிந்தால் அந்த இடத்தில் எஃகு ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது, பதம் போய்விட்டது என்று பொருள். பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. தூசியும் சாதாரணமல்ல. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் மணற்கல் சக்கரத்தில் உலர்வாகச் சாணை பிடித்த தொழிலாளர்கள் நுரையீரல் நோயால் இளம் வயதிலேயே இறந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவப் பதிவுகளில் உள்ளது. கல்லை நனைத்துத் தீட்டுங்கள்; தூசியை வாயால் ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள்.

வெட்டுப்பட்டால்

சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் இடைவிடாமல் அழுத்துங்கள். நடுவில் திறந்து பார்க்காதீர்கள். கையை நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்கி வையுங்கள். காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதையும் அப்ப வேண்டாம். காயத்தைச் சுத்தம் செய்யும் வேலையை மருத்துவருக்கு அது இரட்டிப்பாக்கும். சிறு காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவலாம். ஆழமான வெட்டு, விரல் மரத்துப்போதல், மடக்க முடியாமை ஆகியவை நரம்போ தசைநாணோ அறுந்திருக்கலாம் என்பதற்கான அறிகுறிகள். உடனே 108-ஐ அழையுங்கள்.

விரல் துண்டாகிவிட்டால் அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, நெகிழிப் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி உள்ள பாத்திரத்தில் வைத்து மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். பனிக்கட்டி நேரடியாகப் படக் கூடாது. அழுக்கான காயம் என்றால், கடைசித் தடுப்பூசி போட்டு ஐந்து ஆண்டு கடந்திருந்தால் ரணஜன்னித் தடுப்பூசி மீண்டும் தேவை. சிறிய, சுத்தமான காயத்துக்கு இந்த வரம்பு பத்து ஆண்டு. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இதை இலவசமாகவே போடுகிறார்கள்.

சட்டம் எங்கே கோடு போடுகிறது?

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ மட்டுமே செய்யப்பட்ட பொருள்களை ஆயுதக் கணக்கில் சேர்க்கவில்லை. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுத வகைக்குள் கொண்டுவருகின்றன. அங்கும் வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவைக்கு விலக்கு உண்டு. பழம் நறுக்கும் சிறு மடக்குக் கத்தி இந்த அளவுக்கு அருகில்கூட வராது.

அதற்காக எங்கும் எப்படியும் கொண்டுபோகலாம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சில இடங்களுக்குத் தனி அறிவிக்கை உண்டு. டெல்லியில் 1980 முதல், பொத்தானை அழுத்தினால் விரியும் கத்திகளுக்கு அலகு 7.62 செ.மீ. என்ற அளவிலேயே கட்டுப்பாடு தொடங்குகிறது. இணையத்தில் பார்த்து அந்த வகையை வாங்காதீர்கள். சாதாரண மடக்குக் கத்தி போதும். எந்தக் கத்தியாலும் ஒருவரைக் காயப்படுத்தினால், அது ஓர் அங்குலமே ஆனாலும், தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 118-ஆவது பிரிவு பாயும்: சாதாரணக் காயத்துக்கு மூன்று ஆண்டு வரை சிறை, கொடுங்காயத்துக்கு ஆயுள் வரை.

தென்மாவட்டங்களில் அரிவாள் என்றாலே காவல்துறையின் கண் கூடுதலாகப் படுகிறது. 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை மாநிலம் தழுவிய ஆயுதத் தேடுதல் நடத்தியபோது, வாங்குபவரின் பெயர், முகவரி, வாங்கும் காரணம் ஆகியவற்றை அரிவாள், கத்தி செய்யும் பட்டறைகள் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. பட்டறையில் பெயரும் காரணமும் கேட்டால் கோபப்படாமல் சொல்லுங்கள். பட்டாக்கத்தியால் பிறந்தநாள் கேக் வெட்டிப் படம் போடுவது விளையாட்டல்ல. அப்படிப் போட்டவர்களைத் தமிழகக் காவல்துறை திரும்பத் திரும்பக் கைது செய்திருக்கிறது.

மலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அறியாத விதி ஒன்று உண்டு. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்ற பட்டியலில் கத்தியும் அடங்கும். 31-ஆவது பிரிவின்படி, எழுத்து மூலமான முன்அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. இங்கே அளவு வரம்பு கிடையாது. 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் அடங்கிய சரணாலயப் பகுதிகளுக்கும், கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயத்துக்கும் இது பொருந்தும். சரணாலய எல்லைக்குள் போகும் பயணம் என்றால் பழத்தை வீட்டிலேயே நறுக்கி எடுத்துச் செல்லுங்கள்.

மதுரை விமான நிலையத்தில் கைப்பையில் கத்திக்கு இடமில்லை. ஒப்படைக்கும் பெட்டியில் சாணையோடு சேர்த்து வைத்துவிடுங்கள். சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்கும் கோயிலுக்கும் போகும்போது கத்தி வீட்டிலேயே இருக்கட்டும்.

காவலர் நிறுத்தினால்

கத்தி இருப்பதை மறைக்காதீர்கள். பைக்குள் நீங்களாகக் கையை விடாதீர்கள். எங்கே இருக்கிறது, எந்த வேலைக்கு என்று சொல்லுங்கள். தோப்புக்குப் போகிறவர் பையில் கயிறும் மண்வெட்டியும், சுற்றுலா போகிறவர் பையில் பழமும் சமையல் சாமானும் இருந்தால் அவையே பாதி சாட்சி. இடுப்பில் செருகிய கத்தியையும், சாப்பாட்டுக் கூடையில் உறையோடு இருக்கும் கத்தியையும் யாரும் ஒன்றாகப் பார்க்க மாட்டார்கள்.

கத்தியைப் பறிமுதல் செய்தால் அதற்கான பட்டியலைக் கேளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆவது பிரிவு, பறிமுதலை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. பொருளைத் திரும்பப் பெற 503-ஆவது பிரிவின்கீழ் நீதித்துறை நடுவரை அணுகலாம். கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும் (பிரிவு 47). உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும் (பிரிவு 48). பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்த வேண்டும் (பிரிவு 58). காவலில் இருப்பவருக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. எண்: 15100.

வாங்கியது மோசம் என்றால்

பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரித்த மாதம், ஆண்டு, இறக்குமதி என்றால் தயாரித்த நாடு, அதிகபட்ச சில்லறை விலை, புகார் தொடர்பு ஆகிய அனைத்தும் அச்சாகியிருக்க வேண்டும். இவை இல்லாத ‘வைரச் சாணை’யை மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். பில் கேட்டு வாங்குங்கள். இணையத்தில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள்.

இணைய விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரை ஏற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதி. தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்குபவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடர வழிசெய்கிறது. விற்றவர் டெல்லியில் இருந்தாலும் சமயநல்லூர்க்காரர் மதுரை ஆணையத்தில் மனு கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, காலக்கெடு இரண்டு ஆண்டு. கைப்பிடி உடைந்து விரல் அறுபட்டால், பொருளின் விலையோடு காயத்துக்கும் இழப்பீடு கேட்கலாம். அதற்காக உடைந்த துண்டுகளையும் மருத்துவமனைச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

பெட்டி இப்போதுதான் வந்திருக்கிறது என்றால், முதலில் வீட்டில் இருக்கும் பழைய கத்தியில் தீட்டிப் பாருங்கள். கோணம் கைக்குப் பழகிய பிறகு நல்ல கத்தியை எடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிட்டால், சாணையின் குறையா நம் கையின் குறையா என்பதும் தெரிந்துவிடும்.