பொது சுகாதாரச் செவிலியரும் பணி நிறைவும்

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவிலுள்ள விழிஞ்ஞம், மீன்பிடித் துறைமுகத்தையொட்டி வீடுகள் நெருங்கி அமைந்த ஊராகும். ஆடவர் கடலுக்குச் செல்கின்றனர்; பெண்களில் பலர் மீன் விற்கச் சந்தைகளுக்குச் செல்கின்றனர். எனவே, அலுவலக நேரத்தில் வீடுவீடாகச் செல்லும் செவிலியர் பல இடங்களில் பூட்டிய கதவையே காண நேரிடும். கருவுற்ற தாயைப் பதிவு செய்யவும், புதன்கிழமைத் தடுப்பூசிக்கு வராத குழந்தையைத் தேடவும் அவர் மாலையில் மீண்டும் அதே சந்துக்கு வரவேண்டும். மாத அறிக்கையில் தடுப்பூசியின் எண்ணிக்கை தெரியும். இந்த இரண்டாவது நடை தெரிவதில்லை.

தாய் சேய் நலம் ஒன்றையே முதன்மையாகக் கவனித்துவந்த துணைச் செவிலியர், 1973-ஆம் ஆண்டின் கர்த்தார் சிங் குழுப் பரிந்துரைகளைத் தொடர்ந்து பல்நோக்குப் பணியாளராயினர். கேரளத்தில் இவர்கள் இளநிலைப் பொது சுகாதாரச் செவிலியர் எனப்படுகின்றனர். தமிழ்நாட்டில் கிராம சுகாதாரச் செவிலியர். சமவெளியில் 5,000 மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது ஊரகப் பகுதிகளுக்கான அளவுகோல். குடும்ப நலம், தொற்றுநோய்க் கண்காணிப்பு, முதியோர் கவனிப்பு எனப் பொறுப்புகள் காலந்தோறும் கூடின. ஒவ்வொரு புதிய திட்டமும் ஒரு புதிய பதிவேட்டுடனேயே வந்தது எனலாம்!

பணி நிறைவு குறித்து அமெரிக்க உளவியலார் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பர்க் 1959-இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைவுகூரத்தக்கது. சுமார் இருநூறு பொறியாளர், கணக்காளரிடம் விசாரித்த அவர், மனநிறைவு தருவனவும் மனக்குறை தருவனவும் வெவ்வேறு எனக் கண்டார். ஊதியம், பணிச்சூழல், மேற்பார்வை ஆகியன சீர்கெட்டால் குறை தோன்றும். சீரானால் குறை நீங்குமேயன்றி நிறைவு பிறக்காது. நிறைவைத் தருவன வேலையின் பயனும், அதற்குக் கிட்டும் மதிப்புமே.

இக்கருத்து செவிலியருக்கு மிகவும் பொருந்தும். பேருந்து வசதியின்மை, தாமதமாகும் பதவி உயர்வு, ஒரே விவரத்தைப் பல ஏடுகளில் எழுதுதல் ஆகியவை குறைகள். இவற்றைக் களைவது நிர்வாகத்தின் கடமை. ஆனால், தாம் பேறுகாலத்தில் கவனித்த பெண் தம் குழந்தையுடன் தாமே தேடி வரும்போது செவிலியர் அடையும் மகிழ்ச்சி வேறுவகைப்பட்டது. அடிக்கடி இடமாற்றம் செய்வது இதனையே குலைக்கிறது.

இந்த அறிமுகத்தின் மதிப்பு நெருக்கடியில் புலப்படும். 2020 ஜூலையில், விழிஞ்ஞத்துக்கு அருகிலுள்ள புல்லுவிளையிலும் பூந்துறையிலும் கொரோனா சமூகப் பரவல் நிகழ்ந்துவிட்டதாகக் கேரள அரசு அறிவித்தது. அச்சமும் ஐயமும் சூழ்ந்த அத்தகைய வேளையில், முகம் தெரிந்த செவிலியருக்கே கதவு எளிதில் திறக்கும்.

கடலோரப் பகுதிகளில் பணி நேரத்தை மக்களின் தொழில் நேரத்துக்கேற்ப மாற்றவும், ஏடுகளை ஒன்றிணைக்கவும் பெரும் செலவு ஏற்படாது. மேற்பார்வையாளர் அறிக்கையைச் சரிபார்ப்பதோடு நில்லாமல், மாதம் ஒருநாளேனும் செவிலியருடன் அந்தச் சந்துகளில் நடந்தால், இரண்டாவது நடையும் கணக்கில் வரும்.